பக்கத்து மனையில் பள்ளம், எங்கள் சுவரில் விரிசல். யார் பொறுப்பு?

கேள்வி (காவேரிப்பட்டணத்துக்காரன்):
எங்கள் வீடு அப்பா 1998-ல் கட்டியது, கருங்கல் கடைக்கால், பில்லர் எதுவும் கிடையாது. பக்கத்து மனைக்காரர் கீழே பார்க்கிங் எடுக்கிறேன் என்று ஜேசிபி விட்டு எங்கள் சுவரை ஒட்டியே எட்டடி தோண்டிவிட்டார், கடைக்கால் கல் வெளியே தெரிகிறது, சமையலறை ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. கேட்டால் "என் இடத்துலதானே தோண்டறேன்" என்கிறார். ஸ்டேஷனில் சிவில் மேட்டர் என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில் (ஊர் வக்கீல்):
அவர் இடம்தான், ஆனால் உங்கள் மண் சரியும்படி தோண்ட அவருக்கு உரிமை இல்லை. 1882-ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டம் (அடுத்தவர் இடத்தின் மேல் நமக்குள்ள உரிமைகளைச் சொல்லும் சட்டம்) 7-வது பிரிவிலேயே இது இருக்கிறது. ஒரு சிக்கல், அது வெறும் நிலத்துக்குத்தான். மேலே ஏற்றிய வீட்டின் பாரத்தையும் பக்கத்து மண் தாங்க வேண்டும் என்று கேட்க, 15-வது பிரிவுப்படி 20 வருஷம் தடையில்லாமல் அந்தத் தாங்கலை அனுபவித்திருக்க வேண்டும். நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். பழைய வீட்டு வரி ரசீது, கரண்ட் கனெக்‌ஷன் பேப்பர் எல்லாம் தேடி எடுங்கள். முன்சீப் கோர்ட்டில் இடைக்காலத் தடை கேட்கும்போதே அட்வகேட் கமிஷனரையும் (நேரில் பார்த்துவர கோர்ட் அனுப்பும் வக்கீல்) கேளுங்கள், பள்ளத்தை இருக்கிற நிலையில் பார்த்து அவர் தரும் ரிப்போர்ட் பின்னால் நஷ்டஈட்டுக்கும் உதவும். பத்திரம் அம்மா பெயரில் என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கிடைப்பார், பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை.

பதில் (சைட் இன்ஜினியர், ஓசூர்):
கேஸ் நடக்கட்டும், முதலில் அந்த அறையை காலி செய்யுங்கள், சிலிண்டரையும் சேர்த்து. விரிசலுக்குக் குறுக்கே சின்ன கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி போட்டோ எடுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. செம்மண் காய்ந்திருக்கும் வரை செங்குத்தாக நிற்கும், நனைந்தால் அப்படியே உட்காரும், அதனால் மழைக்கு முன் சுவரோரம் மண்ணைத் திரும்பக் கொட்டி மூட்டை அடுக்கச் சொல்லுங்கள். ஆனால் கமிஷனர் வருவதற்காக அதைத் தள்ளிப்போட வேண்டாம், போட்டோ, வீடியோ போதும்.

பதில் (பாலக்கோடு):
சர்வேயரை வைத்து அளந்தீர்களா? பழைய கடைக்கால் சுவரைவிட அகலமாகத்தான் போட்டிருப்பார்கள், அரையடி அவர் மனைக்குள் இருந்தால் அதையே பிடித்துக்கொள்வார். அப்புறம், ஆர்டிஓவிடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபத்தான கட்டடம் என்று மனு போடச் சொல்வார்கள், யோசித்துச் செய்யுங்கள். அந்த உத்தரவு கட்டடத்துச் சொந்தக்காரர் பேரில்தான் வரும், அதாவது உங்கள் பேரில்.

காவேரிப்பட்டணத்துக்காரன்:
அளக்கவில்லை. நாளைக்கே சர்வேக்குப் பணம் கட்டிவிடுகிறேன். பத்திரம் அம்மா பெயரில்தான்.