ஏற்காடு ஏறும்போது ஹீட் ஆகுது, கூலன்ட்ல ஊத்துற மருந்து வேல செய்யுமா? உங்க அனுபவத்த சொல்லுங்க

அஸ்தம்பட்டிக்காரன்

மொதல்ல என் கதைய சொல்லிடறேன். 2011 மாடல் பெட்ரோல், சின்ன கார், 1 லட்சம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. போன மே மாசம் கோடை விழா கூட்டம்னு தெரிஞ்சும் மச்சான் குடும்பம் வந்திருக்காங்களேன்னு ஞாயித்துக்கெழம காலைல 10 மணிக்கு மலை ஏறுனேன், அதான் மொத தப்பு. ஏழாவது எட்டாவது கொண்டை ஊசி வரைக்கும் ஒண்ணுமில்ல. அப்புறம் மேல ஒரு பஸ்சு திரும்ப முடியாம நிக்க, பின்னாடி நாங்கெல்லாம் ஃபர்ஸ்ட் கியர்லயே ஊந்துக்கிட்டு, ஏசி வேற ஓடுது, உள்ள 5 பேரு, பாத்தா ஹீட் காட்டற முள்ளு பாதிய தாண்டி மேல போயிட்டு இருக்கு. ஓரங்கட்டி பானட்ட தூக்குனா ரிசர்வ் டப்பா கொதிக்குது. மச்சான் துணிய சுத்திட்டு ரேடியேட்டர் மூடிய தெறக்க போயிட்டான், "டேய் கைய எடுறா"ன்னு நான் போட்ட சத்தத்துல பொரி பொறுக்கிட்டு இருந்த கொரங்கெல்லாம் ஓடிருச்சு.

மறுநாள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல ஒரு குப்பி குடுத்தாங்க, 900 ரூபா, கூலன்ட்ல கலந்துட்டா 10 டிகிரி கொறையும்னாங்க. பாதி ஊத்துனேன். அடுத்த ஞாயிறு காலைல 6 மணிக்கு நானும் வீட்டுக்காரியும் மட்டும், ஏசி போடாம, ஏற்காடு ஒண்டிக்கடை வரைக்கும் முள்ளு அசையல. மருந்து வேல செய்யுதுன்னு ஸ்டேட்டஸே வெச்சேன். 15 நாள் கழிச்சு மத்தியானம் ஐந்து ரோட்டு டிராஃபிக்ல நிக்கிறேன், மறுபடியும் முள்ளு மேல! பட்டறைல பாத்தா ரேடியேட்டர் ஃபேனுக்கு கரண்ட் விடற ரிலே போயிருக்கு, ஃபேன் ஒரு நேரம் சுத்துது ஒரு நேரம் சுத்தல, ரேடியேட்டர் மூடி ரப்பரும் வெடிச்சிருக்கு. ரெண்டையும் மாத்துனதுக்கு அப்புறம் 5 பேரு, ஏசி, கூட்டம் எல்லாத்தோடயும் போயிட்டு வந்துட்டேன். அப்ப அந்த 900 ரூபாக்கு என்னதான் அர்த்தம்?

கொண்டலாம்பட்டி டாக்ஸி

தம்பி, காலைல 6 மணிக்கு ஏசி இல்லாம 2 பேரு போனா மருந்து ஊத்தாமயே முள்ளு அசையாதுங்க. நான் 19 வருசமா டாக்ஸி ஓட்டறேன். நம்மூர்ல ரேடியேட்டர் போறதுக்கு பாதி காரணம் போர் தண்ணி. மேக்னசைட் சுரங்கம் பக்கம் வீடு இருந்தப்ப கூலன்ட் கொறைஞ்சா கொழாத் தண்ணியவே ஊத்துவேன், அந்த மண்ணுல கெடக்கற உப்பெல்லாம் ரேடியேட்டர் ட்யூபுக்குள்ள டீக்கடை பாய்லர் மாதிரி வெள்ளையா படிஞ்சு போச்சு. கழட்டி குடுத்தப்ப ரேடியேட்டர்காரர் திட்டுன திட்டு இங்க எழுத முடியாது. அதுக்கு மேல எந்த மருந்து ஊத்தி என்ன, தண்ணி போக வழி வேணும்ல. இப்பல்லாம் ரெடிமிக்ஸ் கூலன்ட், இல்லன்னா டிஸ்டில்டு வாட்டர்ல சரிக்குச்சரி கலந்தது, அவ்ளோதான்.

இன்னொன்னு, தொப்பூர் தாண்டி ஒரு தடவ ரேடியேட்டர் ஒழுக ஆரம்பிச்சு கடைல மஞ்சத்தூள் வாங்கி உள்ள போட்டு வீடு வந்து சேந்தேன். சேலத்துக்காரன் கிட்ட மஞ்சளுக்கா பஞ்சம். ஒழுகல் நின்னுச்சு, ஆனா ஒரு மாசத்துல ட்யூப் பாதி அடைச்சிருச்சு. லீக் அடைக்கற குப்பியும் அதே கதைதான், நடுரோட்ல நின்னா ஊத்துங்க, வீட்டுக்கு வந்ததும் ரேடியேட்டர கழட்டிருங்க.

ட்ராக் பைத்தியம்

பிரெண்டு ஒருத்தன் கோயம்புத்தூர் கரி ரேஸ் ட்ராக்ல பைக் ரெடி பண்றவன், அவன்கிட்ட கேட்டது. நெறைய ரேஸ்ல கிளைகால் (சாதாரண கூலன்ட்ல தண்ணியோட கலக்கற வழவழ சரக்கு) இருக்கற கூலன்ட் ஊத்தவே விட மாட்டாங்க, கீழ கொட்டுனா ரோடு வழுக்கும், பின்னாடி வர்றவன் விழுவான். அதனால வெறும் டிஸ்டில்டு வாட்டர்தான். வெறும் தண்ணி துருவ தடுக்காது, அதுக்குத்தான் இந்த குப்பி. சூடான உலோகத்து மேல ஒட்டற சின்ன சின்ன நீராவி கொமிழிய சீக்கிரம் கழட்டி விடும், கூடவே துரு தடுக்கற சரக்கும் இருக்கும். நம்ம தெரு வண்டி கூலன்ட்ல துருவ தடுக்கறது ஏற்கனவே கலந்துதான் வருது, அதுக்கு மேல இத ஊத்துறது சாம்பார்ல ரெண்டாவது தடவ உப்பு போடற மாதிரி.

அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது சூடானா ரேடியேட்டருக்கு கூலன்ட தெறந்து விடற வால்வு. அது 82, 88 டிகிரின்னு ஒரு கணக்கு வெச்சு தெறக்கும் (வண்டிக்கு வண்டி மாறும்), எத ஊத்துனாலும் சாதாரணமா ஓடறப்ப இஞ்சின் அந்த சூட்டுலதான் நிக்கும். மலைக்கு மூடி ரொம்ப முக்கியம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், அங்க தெறந்த பாத்திரத்துல தண்ணி 95 டிகிரிலயே கொதிச்சிரும். மூடி பிரஷர புடிச்சு வெச்சாத்தான் 115 வரைக்கும் கொதிக்காம இருக்கும். அஸ்தம்பட்டி அண்ணனுக்கு மூடி ரப்பரும் வெடிச்சு ஃபேனும் நின்னுருக்கு, கொதிக்காம என்ன பண்ணும்.

நாகலூர் ஜீப்

எல்லாரும் ஒரே பக்கமா பேசறீங்க. எங்க காப்பித் தோட்டத்து பழைய டீசல் ஜீப்புக்கு வெறும் தண்ணிதான், வருசக்கணக்கா அப்பிடித்தான். இந்த மருந்த அதுல ஊத்தி பாத்தேன், லேசர் தெர்மாமீட்டர் வெச்சு மேல் ஹோஸ்ல அடிச்சேன், அதே ரோடு, அதே லோடு மூட்டை, 3 இல்ல 4 டிகிரி கொறைஞ்சுது. பெருசா ஒண்ணுமில்லதான், அன்னைக்கு காத்து கொஞ்சம் அதிகமா அடிச்சிருந்தாலும் அதே வித்தியாசம் வரும், ஆனா வடிச்சு பாத்தா தண்ணி முன்ன மாதிரி செம்மண் கலர்ல இல்ல, அதனால நான் ஊத்திட்டுத்தான் இருக்கேன்.

அஸ்தம்பட்டிக்காரன்

சரிங்கண்ணா, புரிஞ்சுது. மீதி பாதி குப்பி செல்ஃப்ல கெடக்கு. நாகலூர் அண்ணா, அடுத்த வாரம் மேல வர்றேன், எடுத்துக்கங்க, காசெல்லாம் வேணாம், காப்பிக்கொட்ட இருந்தா அரை கிலோ குடுங்க. மச்சான் கிட்ட மட்டும் மூடி விசயத்த சொல்லிறாதீங்க, அவன் அன்னைக்கே "மூடியத்தான் பாக்கணும்"னு சொன்னான்.