மொட்டைமாடி உணவகத்தில் லைவ் மியூசிக்: அக்கம்பக்கத்தாரோடு ஒத்துப்போவது எப்படி? (அனுபவப் பகிர்வு)

ஒலி அமைப்பாளர்:

திறந்தவெளி உணவகங்களில் தகராறு பெரும்பாலும் பேஸ் (தாழ்ந்த தொனி) சத்தத்தால்தான் வருகிறது. உணவகத்தார் சத்தத்தை அளக்கும் மீட்டரைக் காட்டி ‘அளவு சரியாகத்தானே இருக்கிறது’ என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ‘கட்டில் அதிருது சார்’ என்பார். இருவர் சொல்வதும் உண்மை. மீட்டரில் வழக்கமாக வைக்கும் ‘ஏ’ அளவு, 63 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த தொனியில் சுமார் 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் இருப்பது அந்தப் பக்கம்தான். ஜன்னலைச் சாத்தினாலும் அது உள்ளே வந்துவிடும். மீட்டரை, பேஸை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ அளவுக்கு மாற்றி இன்னொரு தடவை பாருங்கள். இரண்டுக்கும் 15 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், மொத்தச் சத்தத்தை ஏற்றி இறக்கும் மாஸ்டரைக் குறைத்துப் பலனில்லை. பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபரைக் கவனிக்க வேண்டும்.

கிட்டார், கீபோர்டு, ஒரு பாடகர் என்றால் சப்வூஃபரே வேண்டாம். 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தை மிக்ஸரில் வெட்டிவிடுங்கள். சாப்பிடுகிறவர்கள் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு வையுங்கள்: ஒன்று முன்னால், இன்னொன்று 1.4 மீட்டர் பின்னால். பின்னால் இருப்பதற்கு 4 மில்லிசெகண்ட் டிலே (தாமதம்) கொடுத்து போலாரிட்டியைத் திருப்பிவிட்டால் (அலையைத் தலைகீழாக்கினால்), 60 ஹெர்ட்ஸ் வாக்கில் பின்பக்கம் போகும் சத்தம் நன்றாக அடங்கும். அந்தப் பின்பக்கம் குடியிருப்பைப் பார்த்து இருக்க வேண்டும். ஆனால் பின்னால் இரண்டடியில் சுவர் இருந்தால் இந்த ஏற்பாடு கெட்டுப்போகும்.

அடுத்தது ஸ்பீக்கர் வைக்கும் இடம். மேடையில் இரண்டு பெரிய பெட்டியை வைத்து, 10 மீட்டர் தள்ளி இருக்கும் மேசைக்கு 75 டெசிபல் கொடுக்க வேண்டுமென்றால், பெட்டிக்கு 1 மீட்டரில் 95 வர வேண்டும். அதே 75-ஐ 2 மீட்டர் தூரத்தில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் கொடுத்தால் 1 மீட்டரில் 81 போதும். இப்படி எட்டு சின்ன ஸ்பீக்கர் சேர்ந்தாலும், 40 மீட்டர் தள்ளிய வீட்டில் சுமார் 58. பெரிய பெட்டியால் 63. சின்னதை மேசையைப் பார்த்துக் கீழ்நோக்கிச் சாய்த்தால் இன்னும் குறையும்.

உணவக மேலாளர்:

டிரம்ஸ்தான் பெரிய தலைவலி. மைக்கே இல்லாமல், வாசிப்பவர் உட்காரும் இடத்திலேயே 100 டெசிபலைத் தாண்டும். மிக்ஸரில் என்ன செய்தும் அது குறையாது. அதனால் புக்கிங் போடும்போதே எழுதிவிடுவது நல்லது: கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி) அல்லது எலக்ட்ரானிக் டிரம்ஸ், பேஸ் கிட்டார் நேராக மிக்ஸருக்கு, மேடையில் ஆம்ப்ளிஃபையர் கிடையாது, வாசிப்பவர்கள் தங்கள் சத்தத்தைக் கேட்கும் மானிட்டருக்கு இன்-இயர் (காதுக்குள் வைப்பது). அன்று சாயங்காலம் வந்து இறங்கிய பிறகு சொன்னால் எந்தக் குழுவும் கேட்காது.

மிக்ஸருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவில் லிமிட்டர் (சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) போட்டு, பாஸ்வேர்டைத் தள மேலாளர் மட்டும் வைத்திருக்க வேண்டும். முதல் செட்டுக்கும் இரண்டாவது செட்டுக்கும் நடுவில் சத்தம் தானாக ஏறும்: கூட்டம் பேச ஆரம்பிக்கும், பாடகர் ‘இன்னும் கொஞ்சம்’ என்பார், ஆபரேட்டர் ஏற்றுவார். ஆனால் ஒன்பது மணிக்குத் தெருவில் வண்டிச் சத்தம் குறைந்துவிடும். அதே பாட்டு அதே அளவில் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்குப் பெரிதாகக் கேட்கும். ஆகவே இரண்டாவது செட்டை 3 டெசிபல் குறைத்து ஆரம்பியுங்கள். கடைசிப் பாட்டு 9.45-க்கு முடியட்டும்.

கச்சேரி முடிந்த பிறகு நாற்காலி இழுப்பது, காலி பாட்டில் கொட்டுவது, வாலே பார்க்கிங் ஹார்ன் — இவைதான் பத்தரைக்கு போன் வர வைக்கும். பாட்டிலைக் காலையில் கொட்டலாமே.

குடியிருப்போர் சங்கத் தரப்பு:

சட்டத்தை இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, பகல் என்றால் காலை 6 முதல் இரவு 10 வரை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. தனியார் இடத்தின் எல்லையில் அதைவிட 5 டெசிபல் வரைதான் கூடலாம். ஒலிபெருக்கிக்கு எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். பத்துக்கு மேல், பொதுவாக மூடிய அரங்குகளுக்குத்தான் விலக்கு. மொட்டைமாடி அதில் சேராது. மேலே ஷீட் போட்டுவிட்டால் அது மூடிய அரங்கு ஆகிவிடாது.

புகார் கொடுப்பவர்களுக்கு ஒன்று: போன் ஆப்பில் பார்த்த எண்ணை வைத்துச் சண்டை போடாதீர்கள். சரிபார்த்த மீட்டரை எடுத்து, அவதிப்படும் ஜன்னலருகில், பாட்டு ஓடும்போது ஐந்து நிமிடம், இடைவேளையில் ஐந்து நிமிடம், சராசரி அளவை எடுங்கள். பாட்டோடு 60, பாட்டில்லாமல் 55 என்றால் பாட்டின் பங்கு சுமார் 58. இரண்டுக்கும் 3 டெசிபல் வித்தியாசம்கூட இல்லையென்றால் அந்த அளவை நம்ப முடியாது. தேதி, நேரம், எந்த அறை, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று குறித்துவையுங்கள். ‘தினமும் தாங்கவில்லை’ என்ற கடிதத்தைவிட இந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

ஒலி அமைப்பாளர்:

காற்றைச் சொன்னது ரொம்பச் சரி. சென்னையில் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும்போது, மேடைக்கு மேற்கே இருக்கும் வீடுகளுக்குச் சத்தம் வளைந்து இறங்கும். சவுண்ட் செக் அன்று மத்தியானம் காற்றில்லாமல் எடுத்த அளவு இரவுக்குப் பொருந்தாது.

தடுப்பு பற்றி நிறையப் பேர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மூங்கில் தட்டி, செடித்தொட்டி, துணித் திரை எதுவும் சத்தத்தைத் தடுக்காது. சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 கிலோ எடையுள்ள பலகை, அடியில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல் வேண்டும். ஸ்பீக்கர் அந்த ஜன்னலுக்குத் தெரியாதபடி மறைத்தால் 5 டெசிபல் வாக்கில் குறையும், உயரம் கூட்டினால் இன்னும் கொஞ்சம். பேஸுக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது. மேல்மாடி வீட்டிலிருந்து பார்த்தால் மேடை தெரிகிறது என்றால், பலகைக்குச் செலவழிக்காமல் மேடையைத் திருப்புங்கள்.