மைட்டர் சா-வில் அலுமினியம் செக்‌ஷன்: பல்லில் ஒட்டுது, துண்டு தெறிக்குது – உதவி வேண்டும்

கேள்வி (மயிலாடுதுறை)

வணக்கம். வீட்டு ஜன்னல்களுக்குக் கொசுவலைச் சட்டம் செய்ய 12 அடி அலுமினியம் பாக்ஸ் செக்‌ஷன் வாங்கியிருக்கிறேன். 1½ × 1 அங்குலம், கனம் 1.2 மி.மீ. மெஷின் 10 அங்குல மைட்டர் சா (வட்ட பிளேடை மேலிருந்து இறக்கி, வேண்டிய கோணத்தில் வெட்டும் ரம்பம்), 5000 ஆர்.பி.எம். மரத்துக்கான 40 பல் பிளேடு போட்டிருக்கிறேன். கீச்சென்று சத்தம் வருகிறது. சில வெட்டுகளிலேயே பல் நுனியில் அலுமினியம் கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. வெட்டு முடியும்போது சின்னத் துண்டு தெறிக்கிறது. 45 டிகிரி மூலைகளும் சேரவில்லை. கொஞ்சம் 3 மி.மீ. தகடும் வெட்ட வேண்டும். ஜிக்சா, 4 அங்குல கிரைண்டர் இரண்டும் இருக்கின்றன. எதை மாற்ற வேண்டும்?

பதில் 1 (கும்பகோணம்)

சார், கிரைண்டர்ல 1 மி.மீ. கட்டிங் வீல் போட்டா வேலை சுலபமா முடியுமே. இல்லன்னா 4 அங்குல மர பிளேடு மாட்டிக்கலாம்.

பதில் 2 (தஞ்சாவூர்)

அண்ணே, அந்த இரண்டும் வேண்டாம். இரும்புக்கான கட்டிங் வீலில் அலுமினியம் அப்பி, கல் வழவழவென்று ஆகிவிடும். அப்புறம் அது வெட்டாது, தேய்த்துச் சூடாக்கும். அந்த நேரத்தில் அழுத்தினால் வீல் உடைந்து பறக்கும். கிரைண்டரில் பல் பிளேடு அதைவிட மோசம். 11,000 ஆர்.பி.எம். சுற்றில் ஒரு பல் மாட்டினாலே மெஷின் கையை மீறித் திரும்பும்.

மயிலாடுதுறை சார், உங்கள் மெஷினில் குறை இல்லை, வேகமும் சரி. பிளேடுதான் பொருந்தவில்லை. 10 அங்குல பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 800 மி.மீ. 40 பல் என்றால் பல்லுக்குப் பல் 20 மி.மீ. இடைவெளி. 1.2 மி.மீ. சுவர் அந்த இடைவெளிக்குள் விழுகிறது, அடுத்து வரும் பல் அதை முழுசாகக் கொக்கி போட்டு இழுக்கிறது. மர பிளேடின் பல் முன்னால் சாய்ந்திருப்பதால் இழுப்பு இன்னும் கூடும்.

கடையில் ‘அலுமினியம் கட்டிங் டி.சி.டி. பிளேடு’ (பல் நுனியில் கடினமான கார்பைடு முனை வைத்தது) என்று கேளுங்கள். 100 பல், டிரிபிள் சிப் அமைப்பு (ஓரம் சீவிய பல்லும் தட்டையான பல்லும் மாறி மாறி வருவது), பல் சாய்வு மைனஸ் 5 டிகிரி வாக்கில், அதாவது சற்றுப் பின்னால் சாய்ந்து, இருக்க வேண்டும். பிளேடில் அச்சிட்ட அதிகபட்ச ஆர்.பி.எம். உங்கள் மெஷினுடையதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நடு ஓட்டை 25.4 மி.மீ.-ஆ 30 மி.மீ.-ஆ என்று மெஷினில் அளந்துவிட்டே கடைக்குப் போங்கள்.

ஒட்டுவதற்குக் காரணம் சூடு. அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும், ஆனால் அதற்கு வெகு முன்பே இளகிப் பல்லில் அப்பும். அப்பிய பிறகு கார்பைடு முனை மறைந்து, அலுமினியமே அலுமினியத்தை உரசுகிறது. உங்களுக்குக் கேட்கும் கீச்சு அதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பல் வரிசையில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிடுங்கள். சில வெட்டுக்கு ஒருமுறை திரும்பத் தேய்த்தால் போதும். பலர் மண்ணெண்ணெய் விடுவார்கள். மோட்டாரின் கார்பன் பிரஷ் பொறி அடிக்கும் மெஷினில், மூடிய அறையில், அதை நான் சொல்லமாட்டேன்.

பிளேடை இறக்கும் வேகத்தைச் சீவலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சின்னச் செதிலாக விழுந்தால் சரி. மாவாகப் பறந்தால் ரொம்ப மெதுவாக இறக்குகிறீர்கள், பல் உரசுகிறது.

பதில் 3 (திருவாரூர்)

தம்பி, தெறிக்கிறதுக்குப் பிடிமானம்தான் காரணம். கையால பிடிக்காதீங்க, கிளாம்ப் போடுங்க. 1.2 மி.மீ. பாக்ஸ் கிளாம்ப்ல நசுங்கும். உள்ளே தளர்வா நுழையிற மாதிரி மரக்கட்டை சீவி, கிளாம்ப் விழற இடத்துல வச்சுக்கணும். பின்னாலயும் அடியிலயும் 12 மி.மீ. பிளைவுட் கொடுத்தா சின்னத் துண்டுக்கும் தாங்கல் கிடைக்கும், பிசிறும் குறையும். நீளத்துக்கு ஸ்டாப்பர் வைக்கிறீங்கன்னா கிளாம்ப் போட்ட பக்கத்துலதான் வைக்கணும். அறுந்து விழற துண்டு பிளேடுக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவுல சிக்கினா குண்டு மாதிரி வரும். முக்கியமா, வெட்டு முடிஞ்சதும் சுவிட்ச விட்டுட்டு, பிளேடு முழுசா நின்னப்புறம் மெஷினோட தலைய தூக்குங்க. பாதிப் பேர் சுத்துற பிளேடைத் தூக்கறப்பதான் துண்டு மாட்டிப் பறக்குது.

மூலை சேரலன்னா டிகிரிய சோதிங்க. அரை டிகிரி பிசகினாலே ரெண்டு துண்டும் சேர்ந்து 1 டிகிரி ஆயிடும், 38 மி.மீ. முகத்துல கிட்டத்தட்ட 1 மி.மீ. வாய் பிளக்கும். முதல்ல கழிவுத் துண்டை 90-ல வெட்டி, ஒண்ணைக் குப்புறப் புரட்டி, நேர் விளிம்புல வச்சு முகத்தோட முகம் சேருங்க. தெரியற இடைவெளி பிழையோட ரெண்டு மடங்கு. அதைச் சரி பண்ணிட்டு 45-க்குப் போங்க. அளவு குறிக்கும்போது பிளேடு தின்னுறதையும் சேர்க்கணும்: 3 மி.மீ. அகலத்துக்கு வெட்டுற பிளேடு 45-ல நீளத்துல 4.2 மி.மீ. எடுத்துக்கும்.

இன்னொண்ணு, நம்ம பக்கம் பம்புசெட் எல்லாம் ஓடுற நேரத்துல வோல்டேஜ் இறங்கும். சுத்து குறைஞ்சு, அதே அழுத்தத்துக்கு ஒவ்வொரு பல்லும் கூடுதலா கடிக்கும், பிளேடு திணறும். வோல்டேஜ் நல்லா இருக்கிற நேரமா பாத்து வெட்டுங்க. எக்ஸ்டென்ஷன் ஒயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர் (மயிலாடுதுறை)

நன்றி அண்ணே. 3 மி.மீ. தகட்டுக்கு ஜிக்சா போதுமா? பழைய பிளேடில் ஒட்டியதை எப்படி எடுப்பது?

பதில் 2 (தஞ்சாவூர்)

ஜிக்சா போதும். அலுமினியத்துக்கென்றே வரும் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிளேடு வாங்குங்கள், டி 127 டி என்ற வகை 3 முதல் 15 மி.மீ. வரை வெட்டும். பெண்டுலம் (பிளேடை முன்னும் பின்னும் ஆட்டும் அமைப்பு) பூஜ்யத்தில், வேகம் நடுவில். அதைவிட மெல்லிய தகடானால் நெருக்கமான பல் வேண்டும். குறைந்தது இரண்டு பல்லாவது எப்போதும் தகட்டுக்குள் இருக்க வேண்டும். தகட்டை இரண்டு பிளைவுட்டுக்கு நடுவில் வைத்து மூன்றையும் சேர்த்து அறுத்தால் அதிராது, ஓரம் வளையாது. ஜிக்சா அடித்தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் தகட்டில் கீறல் விழாது.

பழைய பிளேடைக் கழற்றி, ஒட்டியதை மரக்குச்சியாலோ பித்தளைத் துண்டாலோ நெம்புங்கள். எஃகு உளி கார்பைடை உடைத்துவிடும். பல் முனை ஏதாவது பறந்திருந்தால் அந்த பிளேடை மறுபடி மாட்டக் கூடாது.

பதில் 3 (திருவாரூர்)

வெட்டுறதுக்கு முன்னால மெஷின்ல இருக்கிற மரத்தூளை சுத்தமா தட்டிட்டு, தூள் பையைக் கழட்டிடுங்க. சூடான சீவல் மரத்தூள்ல விழுந்தா புகைய ஆரம்பிச்சு, கவனிக்காம விட்டா நெருப்பாயிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை, தோள் துண்டு, தொங்குற வேட்டி எதுவும் பிளேடு கிட்ட வேண்டாம். வெட்டின ஓரத்தை ஃபைல் போட்டு மழுக்குங்க. மெழுகைத் துடைக்காம மூலையில சிலிக்கான் வச்சா பிடிக்காது.