மறு: மறு: அடுப்பு ‘ஓவர்ஃபயர்’ ஆவதற்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

பனிமொழி (ஒன்ராறியோ) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விறகு அடுப்பு உள்ள தமிழ் வீடுகளுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கை மொழிபெயர்க்கிறேன். ரொறன்ரோ வீட்டு விலை கட்டுபடியாகாமல் பீற்றர்பரோ பக்கம் போன குடும்பங்கள் இருக்கின்றன. பகலில் அந்த வீடுகளில் அம்மம்மாவும் அப்பப்பாவும்தான். வாசிக்கப்போவதும் அவர்கள்தான்.

சிக்கல் இதுதான். புது விறகு வைத்ததும் காற்றுத் திறப்பை முழுக்கத் திறந்து விடுகிறோம், சிலர் கதவையும் ஒரு விரற்கடை நீக்கி வைப்பார்கள். தீ பிடித்ததும் குறைக்க வேண்டும். அதற்குள் தொலைபேசி அடிக்கும், மேல்மாடிக்குப் போய்விடுவோம். திரும்பி வரும்போது தகடு சிவந்திருக்கும். இதைத்தான் ஓவர்ஃபயர் என்கிறார்கள். ‘அதிக வெப்பம்’ என்று எழுதிக் காட்டினேன். “குளிருக்கு நல்லதுதானே பிள்ளை” என்றார் ஒரு அம்மா.

பழஞ்சொல் (தஞ்சாவூர்) எழுதியது:

அம்மா, ஓவர்ஃபயருக்கு முன் அடுப்புக்கே சொல் சரியில்லை. சமைப்பது அடுப்பு. குளிர் காய்வதற்கான கலம் நக்கீரரின் நெடுநல்வாடையில் இருக்கிறது: “பகுவாய்த் தடவில் செந்நெருப்பு ஆர”. வாடைக்காலம், கன்னல் என்ற கலத்தில் தண்ணீர் குடிக்க ஆளில்லை, எல்லாரும் தடவைச் சுற்றி இருக்கிறார்கள். உரைகாரர் இதை இந்தளம் என்பார். தொல்காப்பிய உரியியலில் “தடவும் கயவும் நளியும் பெருமை”. அடுத்த நூற்பாவில் அதே தடவுக்கு வளைவு என்றும் பொருள். பெரிய வாய், வளைந்த உடல். உங்கள் இரும்பு அடுப்பு அப்படியே பொருந்துகிறது. மறதிக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், பொச்சாவாமை. ஆகவே ‘தடவுப் பொச்சாப்பு’.

கொதிகலன் (சென்னை) எழுதியது:

ஐயா, தடவு என்றதும் எனக்குத் தைலம் தடவுவதுதான் நினைவுக்கு வருகிறது. துண்டறிக்கையில் ‘தடவில் கை வைக்காதீர்’ என்று போட்டால் என்ன ஆகும்?

‘மீவெப்பம்’ என்று யாராவது சொல்லும் முன் சொல்லிவிடுகிறேன், அது நீராவிக்காரர்கள் எடுத்துக்கொண்ட சொல். மேலும் இங்கே நோய் வெப்பம் அல்ல, எரியும் வேகம். காற்று கூடினால், அடுப்பு தாங்கும் அளவைத் தாண்டி விறகு எரிகிறது. உலர்ந்த சிறு சிராய்களாக நிரப்பினாலும், அட்டைப்பெட்டியைக் கிழித்துப் போட்டாலும் இதே கதை. ஒற்றைச் சுவர்ப் புகைக்குழாயில் அடுப்புக்கு மேல் அரை மீட்டர் அளவில் காந்த வெப்பமானி ஒட்டுவார்கள். ஏறக்குறைய 115 முதல் 245 டிகிரி செல்சியஸ் வரை நல்ல நிலை. அதற்குக் கீழே ஓடிக்கொண்டே இருந்தால் குழாயில் கிரியோசோட் என்ற தார் போன்ற புகைப்படிவு சேரும். மேலே போனால் அந்தப் படிவு பற்றிக்கொள்ளும். இரட்டைச் சுவர்க் குழாய்க்கு இந்த எண்கள் பொருந்தாது, உள்ளே நுழைக்கும் கம்பி வெப்பமானிதான் வேண்டும். இதையும் எழுதுங்கள். என் சொல்: ‘மிகையெரிவு’.

வடகடல் (பேர்கன்) எழுதியது:

நோர்வேயில் எங்கள் பிள்ளைகள் இதை ‘வேட்ஊவ்ன்’ என்று நோர்வேஜியத்திலேயே சொல்லிவிட்டுப் போகிறார்கள், நாங்களும் அப்படித்தான். குழாய்க்குள் பற்றினால் ‘பீப்பெபிரான்’, அதாவது புகைபோக்கித் தீ. எவ்வளவு நேரடியான சொல். பயமுறுத்த வேண்டியது அதுதான், அடுப்பு சிவப்பதல்ல. உள்ளே படிவு எரியும்போது 1000 டிகிரியைத் தாண்டும், இரைச்சல் வேறு கேட்கும். கதவையும் காற்றுத் திறப்பையும் மூடிவிட்டு வெளியே வந்து தீயணைப்பை அழைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சூடேறிய வார்ப்பிரும்பு பிளந்துவிடும்.

ஊரில் பாண் சுடும் அடுப்பைப் போறணை என்போமே. ‘விறகுப் போறணை’ என்றால்?

பனிமொழி எழுதியது:

போறணை என்றால் எல்லாருக்கும் றோஸ் பாண் மணக்கும் அண்ணா, சரிவராது. அதோடு அது போர்த்துக்கேயச் சொல் என்று இப்போது ஒருவர் வருவார்.

பழஞ்சொல் எழுதியது:

வந்துவிட்டேன். ‘ஃபோர்னோ’தான் அது. போர்த்துக்கேயரிடம் கடன் வாங்கத் தயங்கவில்லை, நக்கீரரிடம் வாங்கத் தயங்குகிறீர்கள்.

மிகையெரிவு பிழையில்லை, உடம்படுமெய் யகரம் சரியாக விழுந்திருக்கிறது. ஆனால் மறதி அதில் எங்கே? மூலத்தில் அதுதானே காரணம்?

சிறுகுறிப்பு (கோவை) எழுதியது:

ஐயா, பொச்சாப்பு எல்லா மறதிக்கும் ஆகாது. “இறந்த வெகுளியின் தீதே சிறந்த உவகை மகிழ்ச்சியிற் சோர்வு” என்றுதான் அதிகாரமே தொடங்குகிறது. மகிழ்ச்சி மிகுந்து கடமை மறப்பது அது. தொலைபேசியால் வரும் கவனச்சிதறலுக்கு மறவி போதும்.

கொதிகலன் எழுதியது:

பேரன் வீடியோவில் வந்தால் அது சிறந்த உவகை இல்லையா?

பழஞ்சொல் எழுதியது:

நன்றி தம்பி. முதல்முறையாக என் பக்கம் பேசியிருக்கிறீர்கள்.

சிறுகுறிப்பு எழுதியது:

வகுப்பில் கலைச்சொல் பாடம் எடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: அந்தச் சொல்லை வைத்து வினை செய்ய முடியுமா? ‘அடுப்பு மிகையெரிந்தது’ என்று யாரும் பேச மாட்டார்கள். ‘அடுப்பு மிஞ்சி எரியுது’ என்பார்கள், யாழ்ப்பாணத்திலும் கோவையிலும். ‘மிஞ்செரி’ என்று வினைத்தொகையாக்கினால் வினை, பெயர் இரண்டுக்கும் உதவும்.

வடகடல் எழுதியது:

மிஞ்செரி நல்லாத்தான் இருக்கு. ஆனால் மிஞ்சின கறி மாதிரி, எரிந்து மிஞ்சியது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

பனிமொழி எழுதியது:

நாளை அச்சுக்குப் போக வேண்டும். நான் செய்திருப்பது: தலைப்பில் ‘மிகையெரிவு’. கீழே வாக்கியம் இப்படி: “விறகு வைத்த பின் காற்றுத் திறப்பைக் குறைக்கும் வரை அடுப்பை விட்டு அசையாதீர்கள். கட்டாயம் போக வேண்டியிருந்தால் முதலில் கதவைச் சாத்தித் திறப்பைக் குறையுங்கள். அடுப்புக் கையுறையைக் கழற்றாமலே இருங்கள். கையில் உறை இருந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.” கையுறை யோசனை மூலத்தில் இல்லை, அந்த அம்மா சொன்னது. “மணி அடிக்கிறதை வைத்தால் அதையும் நிற்பாட்டிவிட்டு மறந்துபோவேன்” என்றார். எண்களையும், தண்ணீர் வேண்டாம் என்பதையும் சேர்த்துவிட்டேன். புகைபோக்கித் தீ அப்படியே போகிறது. அடுப்பு அடுப்பாகவே இருக்கட்டும், ஐயா மன்னிக்க வேண்டும்.

கொதிகலன் எழுதியது:

சரி.

வடகடல் எழுதியது:

எனக்கும் சரி. வேறு சொல் வர இடமில்லை, நேரமுமில்லை.

சிறுகுறிப்பு எழுதியது:

என் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மாணவர்களுக்கு மிஞ்செரி என்றே சொல்லப்போகிறேன்.

பழஞ்சொல் எழுதியது:

கிரியோசோட்டை அப்படியே விட்டுவிட்டீர்களே! புகையிலிருந்து இறங்கி ஒட்டும் கருநெய்க்குக் கீல் என்ற சொல் இருக்கிறது, ‘புகைக்கீல்’ எனலாம். கீலுக்கும் கீழுக்கும் உள்ள உறவைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

பனிமொழி எழுதியது:

தொடங்குங்கள் ஐயா. இந்த அறிக்கையில் ‘கிரியோசோட் என்னும் கரிப்படிவு’ என்று போய்விட்டது.