ஒரே சுத்திகரிப்பு ஆலைக்கு இரண்டு கொள்ளளவு, பாவனை வீதம் நூறைத் தாண்டுது: உதவி தேவை

அறிவியல்நகர்ப் பிள்ளை (கிளிநொச்சி)

எல்லாருக்கும் வணக்கம். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின்ர கொள்ளளவை அரசாங்கங்கள் எப்பிடிக் கணக்கெடுக்குது எண்டு கம்பஸுக்கு ஒரு செயற்றிட்ட அறிக்கை எழுதுறன். அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகத்தின்ர தரவை இறக்கி எக்செல்லில போட்டன். மூண்டு இடத்தில நிக்கிறன்.

ஒரே ஆலைக்கு ஒரே வருசத்தில இரண்டு இலக்கம் இருக்கு. இரண்டாவது கிட்டத்தட்ட ஆறு வீதம் கூட. எதை எடுக்கிறது?

1996க்கும் 1998க்கும் ஆலைவாரியான அறிக்கையே இல்லை. என்ர இணையம்தான் பிழைக்குதோ எண்டு நினைச்சு நாலைஞ்சு தரம் தேடிப் பாத்தாச்சு.

ஒரு வலயத்துக்குப் பாவனை வீதம், அதாவது உள்ளெடுத்த எண்ணெயைக் கொள்ளளவால வகுத்தால், சில மாதங்களில 104, 105 வீதம் வருது. கொள்ளளவுக்கு மேல எப்பிடி ஓடும்?

அதோட எங்கட நாட்டுச் சப்புகஸ்கந்தை ஆலைக்கும் இதே மாதிரி ஒரு நிரல் போட விருப்பம். ஆருக்கும் தெரிஞ்சால் சொல்லுங்கோ.

பழைய பிளாண்ட்காரன் (வவுனியா)

தங்கச்சி, உங்கட இணையத்தில பிழை இல்லை. 1996, 1998 ஜனவரி முதலாம் திகதிகளுக்கு அவையள் அந்தக் கணக்கெடுப்பை நடத்தவே இல்லை. அந்த ரெண்டு பெட்டியையும் வெறுமையா விட்டு அடிக்குறிப்புப் போடுங்கோ. முன்பின் வருசங்களைக் கூட்டி ரெண்டாப் பிரிச்சு நிரப்பிப் போடாதேங்கோ, பிறகு வாற ஆள் அதை உண்மையான தரவு எண்டு எடுத்துப்போடும். நாட்டு மொத்தம் மட்டும் தேவையெண்டால் மாத அட்டவணையில 1985இல இருந்தே கிடைக்கும்.

இனி இரண்டு இலக்கத்துக்கு வாறன். ஒண்டு கலண்டர் நாள் கணக்கு, மற்றது ஸ்ட்ரீம் நாள் கணக்கு. ஸ்ட்ரீம் எண்டால், நல்ல மசகு எண்ணெய், எல்லா அலகும் சுகமா ஓடுது, நிப்பாட்டே இல்லை எண்டு வைச்சு 24 மணித்தியாலத்தில எவ்வளவு போகும் எண்டது. கலண்டர் எண்டால் வழமையான நிலைமையில எவ்வளவு போகும் எண்டது: பராமரிப்புக்கு மூடுற நாள், திடீரெண்டு பழுதாகி நிக்கிற நாள், வடிச்சதைப் பிறகு பதப்படுத்திற அலகுகள் தாங்கிற அளவு, வாற எண்ணெயின்ர தரம், சூழல் கட்டுப்பாடு எல்லாத்தையும் கழிச்சது. நீங்கள் பாத்த ஆறு வீதம் அந்த வித்தியாசம்தான். பாவனை வீதத்துக்குக் கலண்டர் நாளை எடுங்கோ. ஒரு நிரலுக்குள்ள ரெண்டையும் கலக்க வேண்டாம்.

வட்டக்கச்சி மில்

எங்கட அரிசி ஆலையிலயும் இதுதான். மெசின் தகட்டில மணிக்கு இத்தனை கிலோ எண்டு அடிச்சிருக்கும். காலபோக நெல் முழுக்க அரைச்சு முடிய, கரண்ட் நிண்டது, பெல்ட் அறுந்தது, ஈர நெல் வந்தது எல்லாம் சேத்துப் பாத்தால் வேற கணக்கு. வங்கிக்காரன் கடன் தர வந்தால் தகட்டைத்தான் பாப்பான் 😄

பழைய பிளாண்ட்காரன்

சரியாச் சொன்னியள். மூண்டாவது கேள்விக்கு முதல் ஒண்டு சொல்லுங்கோ தங்கச்சி: எந்தக் கொள்ளளவால வகுத்தனீங்கள்? அந்த அட்டவணையில ஓடுற கொள்ளளவு, சும்மா நிக்கிற கொள்ளளவு, இயக்கக்கூடிய மொத்தக் கொள்ளளவு எண்டு மூண்டு வரி இருக்கும்.

அறிவியல்நகர்ப் பிள்ளை

ஓடுற கொள்ளளவால அண்ணை. ஓடாததைச் சேக்கிறது நியாயமில்லை எண்டு நினைச்சன்.

பழைய பிளாண்ட்காரன்

அங்கதான் இலக்கம் ஊதுது. அவையள் வெளியிடுற பாவனை வீதம் இயக்கக்கூடிய மொத்தத்தால வகுத்தது. ஓடுறதும் சும்மா நிக்கிறதும் சேர்ந்ததுதான் அந்த மொத்தம். சும்மா நிக்கிறது எண்டதுக்கும் எல்லை போட்டிருக்கினம்: 30 நாளுக்குள்ள ஓடவைக்கக் கூடியது, இல்லாட்டித் திருத்த வேலை நடந்து 90 நாளுக்குள்ள முடியக் கூடியது. அதுக்கு வெளியில போனால் பட்டியலில இருந்து கழரும்.

வகுக்கேக்க மேல போடுறதும் வெறும் மசகு எண்ணெய் இல்லை. வளிமண்டல அழுத்தத்தில வடிக்கிற அலகுக்குள்ள போற மொத்த உள்ளீடு. அதுக்குத் தனி வரி இருக்கு.

இவ்வளவும் திருத்தின பிறகும் ஒரு வலயத்தில எப்பவாவது நூறைக் கொஞ்சம் தாண்டினால் பயப்பிடாதேங்கோ. கலண்டர் நாள் எண்டது மூடுற நாளையும் கழிச்ச சராசரி. ஒரு மாதம் ஒரு ஆலையும் நிக்காமல் ஓடினால் அந்தச் சராசரியைத் தாண்டும். ஆனால் 105 எண்டு தொடர்ந்து வந்தால் வகுத்த இலக்கத்தைத்தான் சந்தேகப்பட வேணும்.

முல்லைக்கரை

கேள்விக்கு வெளியில போறதுக்கு மன்னிக்கோணும். வலயம் வலயம் எண்டுறியள், அமெரிக்காவில ஏன் எண்ணெய்க்கு வலயம்?

பழைய பிளாண்ட்காரன்

ரெண்டாம் உலக யுத்த காலத்தில, 1942இல, பெற்றோலைப் பங்கீடு செய்யப் பிரிச்சது. அஞ்சு வலயம். யுத்தம் முடிஞ்சு பங்கீடு போனாப் பிறகும் புள்ளிவிபரம் அதே கோட்டிலதான் எடுபடுது. பங்கீடு எண்டால் என்னெண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முல்லைக்கரை

தேவையே இல்லை. 2022 ஓகஸ்டில மண்ணெண்ணெய் ஒரே இரவில 87 ரூபாயில இருந்து 340க்குப் போனது. மண்ணெண்ணெயில ஓடுற வெளியிணைப்பு எஞ்சினை நம்பி இருக்கிற ஆக்கள் படகைக் கரையில கவிட்டுப்போட்டு இருந்தவை. அந்த நேரம் சுத்திகரிப்பு ஆலையின்ர கொள்ளளவு எண்டு ஒருத்தனும் எங்களுக்குச் சொல்லேல்ல, சொல்லியிருந்தாலும் பிரயோசனம் இல்லை.

அறிவியல்நகர்ப் பிள்ளை

அதுதான் அண்ணை எனக்கும் சப்புகஸ்கந்தையைச் சேக்க விருப்பம். நாளுக்கு 50,000 பீப்பாய் எண்டு எல்லா இடத்திலயும் போட்டிருக்கு. ஆனால் அது 2021 நவம்பரில மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் மூடப்பட்டதே? அண்டைக்கும் கொள்ளளவு 50,000தானா?

பழைய பிளாண்ட்காரன்

நல்ல கேள்வி. அமெரிக்க வரைவிலக்கணத்தில வைச்சுப் பாத்தால், ஓம். ஆலை பழுதில்லை, எண்ணெய் வந்தால் 30 நாளுக்குள்ள எழுப்பலாம். அப்ப அது சும்மா நிக்கிற கொள்ளளவு, மொத்தத்துக்குள்ள சேரும். பாவனை வீதம்தான் பூச்சியத்துக்கு விழும். அதாலதான் இந்த ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கச் சொல்லுறன்.

இதை விட மோசமான உதாரணம் அங்கயே இருக்கு. பிலடெல்பியாவில நாளுக்கு 335,000 பீப்பாய் ஆலை ஒண்டு 2019 ஜூனில தீப்பிடிச்சு வெடிச்சது. அதுக்குப் பிறகு அது ஓடவே இல்லை. ஆனாலும் 2020 ஜனவரி முதலாம் திகதிக் கணக்கில அந்தக் கொள்ளளவு இருந்தது, 2020க்குள்ளதான் கழிபட்டது. அந்த ஜனவரியில நாட்டு மொத்தம் நாளுக்கு 18.98 மில்லியன் பீப்பாய், அதுவரைக்கும் பதிவான உச்சம். 2021 ஜனவரியில 18.1 மில்லியன், 2022இல 17.9. கொரோனாவில எரிபொருளுக்கான கேள்வி விழுந்ததால வேற ஆலைகளும் மூடினது உண்மை, ஆனால் அந்தச் சரிவில ஒரு பெரிய துண்டு பிலடெல்பியா. வரைபடம் கீறேக்க இதை ஒரு வரியில எழுதாட்டில், எல்லாம் கொரோனாவால எண்டு வாசிக்கிறவை முடிவெடுத்துப்போடுவினம்.

அதாலதான் ஜனவரி முதலாம் திகதி இலக்கத்தால முழு வருச உள்ளீட்டை வகுக்கக் கூடாது. அது ஒரு நாள் எடுத்த படம். மாதக் கொள்ளளவை எடுத்து மாதத்துக்கு மாதம் வகுத்திட்டுப் பிறகு சராசரி எடுங்கோ.

இன்னொரு விசயம். ஆலைவாரியாப் பாவனை வீதம் போட நினைச்சால் நேரத்தை வீணாக்காதேங்கோ. ஆண்டுப் படிவம் 820இல வாற ஆலைவாரியான கொள்ளளவைப் பேரோட வெளியிடுவினம். மாதப் படிவம் 810இல ஒரு ஆலை எவ்வளவு உள்ளெடுத்தது எண்டதை அந்த ஆலையின்ர பேரில வெளியிடாயினம், அது வியாபார இரகசியம். வலய மட்டத்திலதான் செய்யலாம். இந்தப் படிவங்களை நிரப்புறது அங்க சட்டப்படி கட்டாயம்.

மாங்குளத்தான்

சப்புகஸ்கந்தைப் பக்கத்துக்கு நான் சொல்லுறன். எங்களுக்கு ஒரேயொரு ஆலை, அதுவும் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின்ர. 1969இல தொடங்கினது, முதல் 38,000 பீப்பாய், பிறகு கூட்டி 50,000. ஆக்கள் பழைய இலக்கத்தையும் புதிசையும் மாறி மாறி எழுதுவினம், கவனம். ஆண்டு உள்ளீட்டுக்கு மத்திய வங்கி ஆண்டறிக்கையின்ர புள்ளிவிபரப் பின்னிணைப்பையும், நிலைபெறுதகு வலு அதிகாரசபையின்ர வலுச் சமநிலை அறிக்கையையும் பாருங்கோ. மெற்றிக் தொன்னில இருக்கும். ஒரு தொன் 7.33 பீப்பாய் எண்டு எடுத்தால் நாளுக்கு 50,000 பீப்பாய் எண்டது வருசத்துக்கு ஏறக்குறைய 25 இலட்சம் தொன். பார எண்ணெய் எண்டால் தொன்னுக்குப் பீப்பாய் குறையும், அதையும் அடிக்குறிப்பில போடுங்கோ.

அம்பாந்தோட்டையில சீனக் கொம்பனி கட்டப்போற 200,000 பீப்பாயைச் சில பேர் இப்பவே இலங்கைக் கொள்ளளவில கூட்டி எழுதுகினம். 2025 ஜனவரியில ஒப்பந்தம்தான் கைச்சாத்தானது. சேர்க்காதேங்கோ.

அறிவியல்நகர்ப் பிள்ளை

மொத்தக் கொள்ளளவாலயும் மொத்த உள்ளீட்டாலயும் மாதவாரியாப் போட்டுப் பாத்தன். 104, 105 எல்லாம் காணாமல் போச்சு, ஒரேயொரு மாதம்தான் நூறைத் தொட்டு நிக்குது. 2020 ஏப்ரலுக்கு நாட்டு வீதம் 70 அளவில வருது, அது அவையள் வெளியிட்டதோட ஒத்துப்போகுது. அண்ணைமாருக்குப் பெரிய நன்றி.

சப்புகஸ்கந்தைக்கு மாதவாரித் தரவு இல்லாமல் அந்த மூடின காலம் வருச மொத்தத்துக்குள்ள கரைஞ்சு போகுது. கொழும்புக்குப் போகாமல் எடுக்க வழி இருக்கோ?

மாங்குளத்தான்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கல்லோ. கூட்டுத்தாபனம் பகிரங்க அதிகாரசபை, அங்க தகவல் அலுவலர் இருக்கிறார். தமிழிலயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் மூடினீர்கள்" எண்டு கேட்டால் வியாக்கியானம்தான் வரும். பதிவேட்டில இருக்கிறதைக் கேளுங்கோ: 2021 ஜனவரி முதல் 2022 டிசம்பர் வரை மாதம் எத்தனை மெற்றிக் தொன் மசகு எண்ணெய் உள்ளெடுக்கப்பட்டது, வடிக்கும் அலகு ஓடாத நாள்கள் எத்தனை, தற்போதைய கொள்ளளவு எந்த அடிப்படையில் கணக்கிடப்பட்டது. மூண்டு வரி காணும்.

14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்ல வேணும். மறுத்தால் இன்னொரு 14 நாளுக்குள்ள குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராட்டில் ஆணைக்குழு. அறிக்கை ஒப்படைக்கிற திகதியைப் பாத்து இண்டைக்கே எழுதுங்கோ. பதிவுத் தபாலில போட்டு, கிடைச்சதெண்ட எழுத்துமூல அத்தாட்சியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கோ, நாள் கணக்கு அதை வைச்சுத்தான்.