மறு: மறு: பாறையேறி வண்டியின் ‘ஸ்டீயரிங் ஆங்கிள்’ – தமிழில் எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை ஒரு கையேடு அச்சுக்குப் போகிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பாலிடெக்னிக் மாணவர்கள் ரேடியோவில் ஓட்டும் ராக் கிராலர், அதாவது பாறையேறும் குட்டி வண்டி ஒன்றைப் பிரித்துப் பூட்டப் போகிறார்கள். ஆக்ஸியல் எஸ்சிஎக்ஸ்10 வகையின் இரண்டாம் பதிப்பு, நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே 313 மிமீ. முன்சக்கரம் திரும்பும் அளவைக் கூட்டுவதுதான் பயிற்சி. ‘ஸ்டீயரிங் ஆங்கிள்’ என்பதற்கு ‘திசைமாற்றிக் கோணம்’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த ஒரு பையன், ரிமோட்டில் இருக்கும் குமிழைத் திருப்பும் கோணம் என்று எடுத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. வேறு என்ன போடலாம்?

– பாலிடெக்னிக் ஆசிரியை

* * *

அம்மா, பையன் இலக்கணம் தெரிந்த பையன். ‘மாற்றி’ என்றால் மாற்றும் கருவி. கருவியின் கோணம் வேறு, அதனால் திரும்புகிற பொருளின் கோணம் வேறு. ‘திருப்புகோணம்’ என்று பாருங்கள். வினைத்தொகை, ஒற்று மிகாது, சேர்த்தே எழுத வேண்டும்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

* * *

ஐயா, எங்கட பக்கம் சுக்கான் எண்டால் சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். வாகனம் ஓட்டப் பழகிற ஆள் முதலில் படிக்கிற சொல் அது. ‘சுக்கான் கோணம்’ எண்டு வைத்தால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை.

– கனடாவில் இருந்து, ஊர் யாழ்ப்பாணம்

* * *

தம்பி, சுக்கான் அரபுச் சொல். கப்பலைத் திருப்பும் பலகைக்குப் பெயர். அரபு வணிகர் வருவதற்கு முன்பே கப்பலோட்டிக்கு நம்மிடம் மீகாமன் இருந்தான், நீகான் இருந்தான். அவன் கையில் இருந்த கருவிக்கு மட்டும் பெயர் இல்லாமலா போயிருக்கும்? தேடிச் சொல்கிறேன்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

* * *

தேடுங்கோ. ஆனால் மாலுமியும் அரபில் இருந்துதான் வந்தவர், அவரை ஒருத்தரும் இறக்கிவிடவில்லை. அவருக்கு இருக்கிற உரிமை சுக்கானுக்கும் இருக்கட்டும்.

– கனடாவில் இருந்து

* * *

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆறு வருஷமாக இந்த வண்டிகளை நோண்டிக்கொண்டிருக்கிறவன் என்ற முறையில் கேட்கிறேன், நீங்கள் பெயர் வைப்பது எந்தக் கோணத்துக்கு?

சர்வோவின், அதாவது சக்கரத்தைத் திருப்பும் சின்ன மோட்டாரின், கை சுழல்வது ஒன்று. சக்கரம் திரும்புவது இன்னொன்று. அதிலும் உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் ஒரே அளவு திரும்பக் கூடாது. மூனிச்சில் லாங்கென்ஸ்பெர்கர் கண்டுபிடித்து, லண்டனில் ஆக்கர்மன் 1818-ல் காப்புரிமை வாங்கினாரே, அந்தக் குதிரைவண்டி ஏற்பாட்டின் சாரமே அதுதான். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் செய்வது, டிரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயின்ட்டை (சர்வோ எதுவரை சுழலலாம் என்ற எல்லையை) ஏற்றிவிடுவது. சர்வோ இன்னும் சுழலப் பார்க்கும், ஆனால் நக்கிள் (சக்கரத்தோடு திரும்பும் பாகம்) போய் சி-ஹப்பில் (அதைத் தாங்கும், அச்சின் முனையில் உள்ள பாகம்) உள்ள முட்டில் இடித்து நின்றிருக்கும். சர்வோ முனகிக்கொண்டே சூடேறும், சக்கரம் ஒரு டிகிரிகூட நகராது. கோணம் கூடிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ‘திசைமாற்றிக் கோணம்’, ‘சுக்கான் கோணம்’ எல்லாம் இந்தக் குழப்பத்தை வளர்க்கும் பெயர்கள்.

அந்த முட்டுப் பகுதியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் சில டிகிரி கிடைக்கும். அடுத்து டயர் போய், அச்சைச் சட்டத்தோடு இணைக்கும் லிங்க் கம்பியில் உரசும். அதைச் சரி செய்தால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் தடுக்கும். ஒற்றை யுனிவர்சல் ஜாயின்ட் (ஷாஃப்டை மடங்க விடும் மூட்டு) 30 டிகிரி மடங்கியிருந்தால், ஷாஃப்ட் சீராகச் சுற்றினாலும் சக்கரத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் நடுவே இரண்டு முறை ஏறி இறங்கும். 45 டிகிரியில் அது 0.71-ம் 1.41-ம் ஆகிவிடும். வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்து, ஒரு பக்கம் முழுசாகத் திருப்பி, மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: சக்கரம் விக்கி விக்கிச் சுற்றும், ஆட்டம் உள்ளங்கை வரைக்கும் தெரியும். இரட்டை மூட்டு ஷாஃப்டுக்குக் காசு செலவழிப்பது இதற்காகத்தான். பலனும் இருக்கிறது. சறுக்கலை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 30 டிகிரியில் பின்னச்சின் நடுப்புள்ளி 54 செமீ ஆரத்தில் வட்டம் போடும், 45 டிகிரியில் 31 செமீ போதும். இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டும்போது இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

பேச்சில் நாங்கள் கோணம் என்றே சொல்வதில்லை. “வண்டி எவ்வளவு ஒடியுது?” என்றுதான் கேட்போம். லாரியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் “லெஃப்ட்ல ஒடி, இன்னும் ஒடி” என்று கத்துவது எல்லாருக்கும் தெரியும். ‘ஒடிகோணம்’ என்று வையுங்கள், முடிந்தது.

– பட்டறைக்காரன்

* * *

ஒடியுறது எண்டால் எங்களுக்கு முறியுறதுதான். கையேட்டைப் பார்க்கிற பிள்ளை வண்டி உடைஞ்ச கணக்கு எண்டு நினைக்கும்.

– கனடாவில் இருந்து

* * *

தம்பி, உங்கள் பாடநூலில்தானே ‘ஒளி முறிவு’ என்று இருக்கிறது? ஒளி முறியலாம், சக்கரம் ஒடியக் கூடாதா?

ஆனால் எனக்கு வேறு ஐயம். ‘ஒடிகோணம்’ என்பதில் ஒடி தன்வினையா பிறவினையா? சக்கரம் தானே ஒடிகிறதா, சர்வோ ஒடிக்கிறதா? வினைத்தொகையில் இரண்டும் ஒரே வடிவில் நிற்கும், பட்டறைக்காரர் சொல்லும் வேறுபாடு அங்கே கரைந்துபோகும். அப்புறம், கோணம் வடசொல் என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், கோண், கோணு, கோணல் எல்லாம் நம் வேரே. யானையை அடக்கும் தோட்டிக்கும் கோணம் என்று ஒரு பெயர் உண்டு, அகராதியைப் பாருங்கள். திருப்பும் கருவிக்கே கோணம் என்று பெயர் என்றால், நான் முன்மொழிந்த ‘திருப்புகோணம்’ கூறியது கூறல் ஆகிவிடுமோ என்று இரவு முழுக்க யோசனை.

பாறையேறி வண்டி என்றதும் புறநானூற்றில் ஔவையார் பாடிய உமணர் வண்டி நினைவுக்கு வந்தது. பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று, உப்பு வணிகர் வண்டிக்கு அடியில் ‘சேம அச்சு’, அதாவது மாற்று அச்சு, கட்டிக்கொண்டு போவார்கள். உதிரிப்பாகம் என்பதைத் தூக்கிவிட்டு ‘சேமப்பாகம்’ என்று போடலாமே?

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

* * *

ஐயா, வெள்ளிக்கிழமை.

– பாலிடெக்னிக் ஆசிரியை

* * *

நான் தேர் ஓடும் ஊர்க்காரன், இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தேருக்கு ஸ்டீயரிங்கே கிடையாது. முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகுவார்கள், அந்தப் பக்கம் தாமதிக்கும், மறுபக்கம் முன்னேறும், தேர் திரும்பும். கோணம் பற்றி அவர்கள் யாரும் பேசி நான் கேட்டதில்லை, “கட்டை போடு” அவ்வளவுதான். உங்கள் குட்டி வண்டியில் இப்படி ஏதும் உண்டா?

– டெல்டா பக்கத்தில் இருந்து

* * *

உண்டு! பின்சக்கரங்களை மட்டும் பூட்டி நிறுத்திவிட்டு முன்சக்கரங்களால் இழுத்து, நின்ற இடத்திலேயே வண்டியைச் சுழற்றுவார்கள். ‘டிக்’ என்று பெயர். ‘கட்டை போடுதல்’ அதற்கு அப்படியே பொருந்துகிறது.

– பட்டறைக்காரன்

* * *

அதை எடுத்துக்கொள்கிறேன், மறுப்பு யாருக்கும் இருக்காது என்று நினைக்கிறேன்.

கோணத்துக்கு இதுவரை திருப்புகோணம் நாலு பேர், ஒடிகோணம் இரண்டு, சுக்கான் கோணம் ஒன்று. ஐயா தன் சொல்லுக்கே வாக்குப் போடவில்லை. மாணவர்களிடம் முதல் இரண்டையும் எழுதிக் காட்டினேன், ஒடிகோணத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனால் விளக்கம் கேட்கவில்லை. துறைத்தலைவர் கையெழுத்துப் போட வேண்டுமே என்று திருப்புகோணம் போட்டுவிட்டேன். சர்வோவின் கைக்கு ‘சுழல்கோணம்’. சேமப்பாகம் இந்தப் பதிப்பில் இல்லை.

– பாலிடெக்னிக் ஆசிரியை

* * *

திருப்புகோணம் போகட்டும், எனக்கு அது கதவுக் கீல் மாதிரித்தான் கேட்கிறது, என் வாக்கு மாறாது. கையேட்டில் ‘அதிகபட்சத் திருப்புகோணம்’ என்று வரும் இடத்தில் உள்சக்கரமா வெளிச்சக்கரமா என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கொரு எண் கொண்டுவருவார்கள். அரத்தைக் கொடுப்பதற்கு முன் நக்கிளைக் கழற்றச் சொல்லுங்கள், தூள் பேரிங்கில் போனால் வேலை இரட்டிப்பு.

– பட்டறைக்காரன்