தெரு நாய்களுக்கு உணவிடக் கூடாது என்று நலச் சங்கம் சொல்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: மேடவாக்கம்வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு நாய்கள் இருக்கின்றன. சில வீட்டார் சேர்ந்து மாதந்தோறும் பணம் போட்டு, அரிசிக் குருணையுடன் கோழிக் கடையில் கிடைக்கும் தலை, கால்களை வேகவைத்து இரவில் வைத்து வருகிறோம். சென்ற வாரம் குட்டி ஈன்றிருந்த நாய் ஒன்று பள்ளி விட்டு வந்த சிறுவனைத் துரத்தியதில், அவன் கெண்டைக்காலில் பல் பட்டு ரத்தம் கசிந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் ஊசி போட்டிருக்கிறார்கள். சோறு போடுவதால்தான் நாய்கள் பெருகுகின்றன, ஆகவே அதை உடனே நிறுத்த வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். அவர்களுடைய அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் பட்டினி போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும் என்றே நினைக்கிறோம். இதில் சட்டம் என்ன சொல்கிறது? இரு தரப்பும் ஏற்கும் வழி உண்டா?

பதில் 1: வேளச்சேரி நலச் சங்க உறுப்பினர்

முதலில் அந்தச் சிறுவனின் பெற்றோரைப் பார்த்து, 0, 3, 7, 28 ஆகிய நாள்களுக்குரிய ஊசிகள் அனைத்தையும் தவறாமல் போடச் சொல்லுங்கள். காயம் ஆறிவிட்டது என்று பலரும் கடைசி ஊசியை விட்டுவிடுகிறார்கள். ரத்தம் வந்த காயம் என்பதால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (ரேபிஸ் கிருமியை உடனடியாக எதிர்க்கும் மருந்து) தரப்பட்டதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2023ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் உணவிடுவதைத் தடை செய்யவில்லை. அதற்கான ஏற்பாட்டைச் செய்யும் பொறுப்பையே நலச் சங்கத்திடம் தருகின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து விலகிய ஓர் இடத்தையும், சிறுவர்களும் முதியவர்களும் அதிகம் நடமாடாத நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். உணவிடுவோர் அந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்டு 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும், குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே உணவிட வேண்டும் என்கிறது. ஆகவே வீட்டு வாசல்தோறும் வைப்பதை நீங்கள் விட்டுக்கொடுத்தால், சங்கமும் முழுத்தடையை விட்டுக்கொடுக்கலாம். நம்மைப் போன்றவர்கள் 'எங்களுக்கு உரிமை உண்டு' என்று பேசத் தொடங்குவதால்தான் பல தெருக்களில் பேச்சே முறிந்துபோகிறது என்பது என் கருத்து.

பதில் 2: கால்நடைப் பணியாளர்

நாய்கள் பெருகுவதற்குக் காரணம் சோறு அன்று, கருத்தடை நடக்காததுதான். அதே வேளையில், கருத்தடையைப் பற்றி எண்ணாமல் சோறு மட்டும் போடுவது பாதி அக்கறைதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே குரலுக்கு வந்து நிற்கும் நாயைப் பிடிப்பது எளிது. பிடிக்கும் வண்டி வரும்போது, பழகாத நாய் சத்தம் கேட்டதுமே காருக்கடியில் நுழைந்து அடுத்த தெருவுக்கு ஓடிவிடும். பழகிய நாயோ உணவிடுபவர் கழுத்தை வருடிக்கொண்டிருக்கும்போதே வலைக்குள் வந்துவிடும். சென்னையில் மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிவு செய்யுங்கள்; வண்டி வரும் நேரத்தில் உங்களில் ஒருவர் கட்டாயம் அங்கே இருங்கள். அறுவைக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பதால், முந்தைய இரவு உணவு வைக்க வேண்டாம்.

குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாயை மட்டும் இப்போது கொடுத்துவிடாதீர்கள். குட்டிகள் பால் மறந்த பிறகு அனுப்புங்கள். அதுவரை அது படுத்திருக்கும் மூலையை மறைத்துத் தடுப்பு வையுங்கள். குட்டிக்கு அருகே ஆள் வந்தால் சீறுவது தாயின் இயல்பு, வெறியின் அடையாளம் அன்று. அறுவை முடிந்த நாயின் காதில் சிறு வெட்டு இருக்கும். பிடித்த இடத்திலேயே அதைத் திரும்ப விட வேண்டும் என்பது விதி. எல்லா நாய்களுக்கும் ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி போட்டு, அதன் பதிவேட்டைச் சங்கத்திடம் காட்டுங்கள். 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ப் பரவல் அறுபடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. உங்கள் தெருவில் ஒன்றைக்கூடத் தடுப்பூசி போடாமல் விட வேண்டியதில்லை.

மேடவாக்கம்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. பின்புறக் காலி மனையை உணவிடும் இடமாகக் கேட்கப் போகிறோம். அங்கே பூனைகளும் வருகின்றன. அவற்றுக்கும் இதே முறைதானா?

பதில் 3: பூனைப் பராமரிப்பாளர்

பூனைகளுக்கு மறுபக்கச் சுவரின் மேல், நாய்க்கு எட்டாத உயரத்தில் தனியாக வையுங்கள். பூனை ஐந்து மாதத்திலேயே சினையாகக்கூடும், இரண்டே மாதத்தில் ஈன்றுவிடும். ஆகவே காலம் கடத்தாதீர்கள். வலைக்குப் பயந்து மதில் ஏறிவிடும் என்பதால், கதவு தானாக மூடிக்கொள்ளும் கூண்டில் கருவாட்டையோ மத்தியையோ வைத்துப் பிடியுங்கள். மூடியதும் கூண்டின் மேல் துணியைப் போர்த்தினால் அமைதியாகிவிடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, தண்ணீர் போதும். காய்ச்சலாகத் தெரிகிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலை மட்டும் தயவுசெய்து யாரும் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும்.